சாவி கொடுக்கும் முன்: ஜிப்சியில் டீசல் எஞ்சின் ஏற்றும் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

ஜிப்சிக்கு டீசல் எஞ்சின் மாற்றித் தரும் மெக்கானிக்குகளுக்கும், மாற்றித் தரச் சொல்லி வண்டியைக் கொண்டுவரும் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

மாருதி ஜிப்சி 1985-இல் 970 சிசி எஞ்சினோடு வந்தது. 1996-இல் 1.3 லிட்டர் எஞ்சினோடு ஜிப்சி கிங், 2000-இல் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சும் பதினாறு வால்வு எம்பிஎஃப்ஐ எஞ்சின் என்று மாறினாலும் கடைசிவரை பெட்ரோல் வண்டியாகவே விற்றார்கள். கம்பெனி டீசல் ஜிப்சி என்று ஒன்று கடைக்கு வந்ததே இல்லை. எடை ஒரு டன்னுக்குள், பிரிக்க எளிது, ஏறாத மேடு கிடையாது. ஆனால் எஸ்டேட் பாதையில் லோடு ஏற்றிக்கொண்டு குறைந்த ஆர்பிஎம்-இல் இழுக்கச் சொன்னால் பெட்ரோல் எஞ்சின் திணறும். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அம்பாசடர், கான்டெஸா கார்களிலிருந்து கழற்றிய இசுசு எஞ்சின்கள் ஜிப்சிக்குள் போக ஆரம்பித்தன.

அந்த வேலையில் ஒரு பாதி நன்றாகவே நடக்கிறது. எஞ்சின் உட்காருகிறது, ஸ்டார்ட் ஆகிறது, வண்டி நகர்கிறது. மறுபாதியைப் பல பட்டறைகளில் யாரும் செய்வதில்லை. பிரேக்குக்கு உதவும் வேக்கம் (காற்றை உறிஞ்சி உண்டாக்கும் வெற்றிடம்), எஞ்சினை நிறுத்த இரண்டாவது வழி, டேங்குக்கு ரிட்டர்ன் லைன் (மிஞ்சும் டீசல் திரும்பும் குழாய்), எர்த், ரேடியேட்டர் மூடி ஆகியவைதான் அந்த மறுபாதி. அது முடியாமல் சாவியைக் கையில் கொடுக்காதீர்கள், உரிமையாளர்களும் வாங்காதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். இதே வேலையைச் செய்கிறவர்கள் என்ற உரிமையில் எழுதுகிறோம்.

முதலில் சட்டம். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. (பதிவுச் சான்று) விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. வேறு எரிபொருளுக்கு மாற அந்தப் பிரிவு விட்டிருக்கும் வழி சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி போன்றவற்றுக்கான கன்வர்ஷன் கிட்தான். பழைய கார் டீசல் எஞ்சினைத் தூக்கி வைப்பது அதில் அடங்காது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. இதைவிடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். ஆர்.சி.யில் பெட்ரோல், பானெட்டுக்குள் டீசல் என்றால் விபத்துக்குப் பின் கம்பெனி கைவிரிக்க அதுவே போதும், எதிரே அடிபட்டவருக்கான இழப்பீடும் உரிமையாளர் தலையில் வந்து விழலாம். ஆகவே, பொதுச் சாலையில் ஓடும் பெட்ரோல் ஜிப்சியை டீசலாக்கித் தரச் சொல்லி யார் வந்தாலும் முடியாது என்று சொல்லி அனுப்புங்கள். வேலிக்குள் மட்டும் ஓடும் எஸ்டேட் வண்டி, லாரியில் ஏற்றிப் போகும் போட்டி வண்டி ஆகியவைதான் கீழே சொல்வதற்குப் பொருந்தும். ஆர்.சி.யில் ஏற்கெனவே டீசல் என்று ஏறியிருக்கும் பழைய ஜீப்புக்கு எஞ்சின் மாற்றுவதானால், ஆர்டிஓ அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகே பழைய எஞ்சினின் போல்ட்டில் ஸ்பேனர் வையுங்கள்.

பணம் மிச்சமாகும் என்று நினைத்து வருகிறவர்களுக்கும் கணக்கைப் போட்டுக் காட்டிவிடுங்கள். டீசல் விலைக் கட்டுப்பாடு 2014 அக்டோபரில் நீங்கிய பிறகு இரண்டுக்கும் இருந்த பெரிய இடைவெளி சுருங்கிவிட்டது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மைலேஜ் 10. டீசல் 92 ரூபாய், மைலேஜ் 14 என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 3 ரூபாய் 40 பைசா. மாற்றும் செலவு ஒன்றரை லட்சம் என்றால் அதை எடுக்க 44,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 500 கிலோமீட்டர் ஓடும் எஸ்டேட் வண்டிக்கு அது ஏழு ஆண்டுக்கும் மேல். இழுவைக்காக மாற்றுங்கள், மிச்சத்துக்காக வேண்டாம்.

எந்த எஞ்சின்? எங்கள் முடிவு இசுசு 4எஃப்சி1 தான். 1995 சிசி, டர்போ இல்லாதது, டீசலை நாசில்களுக்கு அழுத்தத்தில் அனுப்பும் ரோட்டரி எஃப்ஐ பம்ப், குதிரைத்திறன் ஐம்பது சொச்சம். கேட்கக் குறைவாகத் தெரியும். ஆனால் அதன் டார்க் (சுழற்றும் விசை) ஜிப்சியின் 1.3 எஞ்சின் தரும் 103 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருப்பதால் முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஆக்சில் ஷாஃப்ட்டும் தாங்கும். அந்த டார்க் பாதி ஆர்பிஎம்-இலேயே கிடைக்கிறது, நமக்கு வேண்டியதும் அதுதான். ஸ்விஃப்டின் 1.3 காமன் ரெயில் எஞ்சினுக்கு 190 நியூட்டன் மீட்டர் இருக்கிறதே என்று ஆசைப்படுபவர்கள் உண்டு. குறுக்காக வைக்கும்படி செய்த எஞ்சின் அது. நீளவாக்கில் வைக்க, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் பிளேட் வேண்டும், ஈசியூ என்ற கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், மின் ஆக்சிலரேட்டர் பெடல் அனைத்தும் கூடவே வர வேண்டும், அதன்பின் முன் ஆக்சில் ஜாயிண்ட் எப்போது உடையும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சேறும் தண்ணீரும் உள்ள எஸ்டேட்டில் அது வேண்டாத தலைவலி. மஹிந்திராவின் 2.5 லிட்டர் எஞ்சின் ஜிப்சிக்கு மிகையான எடை.

பழைய எஞ்சினைச் சென்னைப் புதுப்பேட்டையில் வாங்கினாலும் கோவை உக்கடத்தில் வாங்கினாலும் எஞ்சின் நம்பர் எழுதிய பில் இல்லாமல் வாங்காதீர்கள். நம்பரை அரம் போட்டுத் தேய்த்த பிளாக் என்றால் விலை எவ்வளவு குறைவானாலும் தொடாதீர்கள். தரையில் வைத்தே கம்ப்ரஷன் (சிலிண்டர் காற்றை அமுக்கும் அழுத்தம்) பாருங்கள். சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றி, நல்ல பேட்டரியில் செல்ஃப் அடித்து, டீசல் கேஜில் அளக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டரும் 400 பிஎஸ்ஐ-ஐ ஒட்டிக் காட்டுவது நல்லது, அதைவிட முக்கியம் நான்கும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருப்பது. மூன்று 400 காட்டி ஒன்று 320 காட்டினால் ஹெட்டைத் திறக்காமல் ஏற்றக் கூடாது. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், பின்பக்க கிராங்க் சீல், கிளட்ச் பிளேட் ஆகியவை எஞ்சின் வெளியே இருக்கும்போதே புதிதாகப் போட வேண்டியவை. பழைய பெல்ட் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று சொல்ல யாரும் இல்லை. அது அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதும்.

பெட்ரோல் எஞ்சினைத் தூக்குவதற்கு முன் ஒரு மணி நேரம் அளவெடுக்கச் செலவிடுங்கள். எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை. நான்கு சக்கரத்திலும் ஹப் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை உயரம். முன் ஆக்சிலுக்கும், அது மேலே வந்து முட்டும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் உள்ள இடைவெளி. கிராங்க் கோட்டின் சாய்வு, கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் நடுவே உள்ள குட்டை ஷாஃப்ட்டின் கோணம். இவற்றை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் வரும் எல்லா முடிவுக்கும் இதுதான் ஆதாரம். இந்தத் தாள் இல்லாத வேலை கண் மதிப்பில் நடக்கிற வேலை.

ஜிப்சியின் 1.3 எஞ்சினுக்கு அலுமினியம் பிளாக். டீசலின் பிளாக் வார்ப்பிரும்பு. அதோடு பெரிய செல்ஃப் மோட்டார், பெரிய பேட்டரி, கூடுதல் தண்ணீர் எல்லாம் முன் ஆக்சிலின் மேலேதான் உட்காரும். மவுண்ட் பிராக்கெட்டை 6 மில்லிமீட்டர் தகட்டில், முக்கோணத் தாங்கலோடு செய்யுங்கள். சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்காக வெல்டிங் ஓட்டக் கூடாது. விரிசல் அங்கேதான் பிறக்கும். பக்கச் சுவரில் ஒரு பரந்த தகட்டை நீளவாக்கில் வெல்ட் செய்து, அதன்மேல் பிராக்கெட்டைப் போல்ட் போடுங்கள். ரப்பர் மவுண்ட் எஞ்சின் வந்த காருடையதே இருக்கட்டும். டீசலின் ஐட்லிங் நடுக்கத்துக்கு ஜிப்சியின் ரப்பர் போதாது.

எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கும் முன் ஆக்சிலுக்கும் உள்ள இடைவெளியை வண்டி நிற்கும் நிலையில் பார்த்துத் திருப்தி அடைவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. ஜிப்சியில் முன் ஆக்சில் ஒரே துண்டு, பள்ளத்தில் விழும்போது பம்ப் ஸ்டாப் வரை மேலே வரும். ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கியால் ஆக்சிலைப் பம்ப் ஸ்டாப்பில் முட்டும்வரை தூக்கி, அந்த நிலையிலும் 25 மில்லிமீட்டர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கியும் பாருங்கள். இடம் இல்லையென்றால் சம்ப்பை வெட்டி மாற்றுங்கள், ஆனால் ஆயில் கொள்ளளவு குறையாமல் பின்பக்கம் ஈடுகட்டுங்கள். ஆயில் உறிஞ்சும் ஸ்டெயினரையும் அதற்கேற்பத் தள்ளுங்கள். முன் உயரம் தாளில் உள்ளதைவிட 15 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்ட வேண்டும்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் ஜிப்சி நமக்குப் பெரிய வசதி செய்து தந்திருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாகத் தொங்குகிறது. ஆகவே டீசல் எஞ்சினை அதன் சொந்தக் கியர்பாக்ஸோடு சேர்த்தே இறக்கி, நடுவில் உள்ள குட்டை ஷாஃப்ட்டை மட்டும் புதிதாகச் செய்தால் போதும். ஜிப்சியின் கியர்பாக்ஸையே வைத்துக்கொள்ள அடாப்டர் பிளேட் போடுகிறவர்கள் டயல் கேஜ் வைத்துப் பெல் ஹவுசிங் மையத்தைப் பார்க்கிறீர்களா என்பது எங்கள் கேள்வி. 0.15 மில்லிமீட்டருக்கு மேல் விலகினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங் சத்தம் போட ஆரம்பித்து, கிளட்ச் உதறி, கடைசியில் கியர்பாக்ஸே போகும். குட்டை ஷாஃப்ட் குட்டையாக இருப்பதால் கோணப் பிழை அதில் அதிகமாகத் தெரியும்: இரு முனையிலும் கோணம் சமமாகவும் 4 டிகிரிக்குள்ளும் இருக்கட்டும், ஷாஃப்ட் முனைகளில் கவை போல உள்ள இரண்டு யோக்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். ஸ்பீடோமீட்டர் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து வருவதால் அதில் கை வைக்கத் தேவையில்லை. கிளட்ச் கவனிக்க வேண்டியது: ஜிப்சியில் கேபிள், வந்த கியர்பாக்ஸில் ஹைட்ராலிக் ஸ்லேவ் (திரவ அழுத்தத்தில் கிளட்சைத் தள்ளும் சிலிண்டர்) என்றால் ஃபயர்வாலில் மாஸ்டர் சிலிண்டருக்குப் பின்பலகைத் தகடு வைத்தே பொருத்துங்கள். வெறும் தகரத்தில் பொருத்தினால் பெடலை அழுத்தும்போது தகரம்தான் வளையும்.

ஐந்து கியர் உள்ள பாக்ஸாகப் பார்த்து வாங்குங்கள். கிங்கின் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஹை நிலையிலேயே சுழற்சியை 1.409 மடங்கு குறைக்கிறது. ஆக்சில் விகிதத்தைச் சக்கரத்தைச் சுற்றி எண்ணிப் பாருங்கள், 3.9 என்று வந்தால், 205/70 ஆர்15 டயரில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு நேர் கியரில் (1:1) எஞ்சின் சுமார் 3,570 ஆர்பிஎம் சுற்றும். பெட்ரோலுக்கு அது ஒன்றுமில்லை, இந்த டீசலுக்கு அது கத்தல். ஐந்தாவது கியர் 0.8 என்றால் 2,860-க்கு இறங்கிவிடும். லோ நிலையின் 2.268-இல், முதல் கியர் 3.6 அளவில் இருந்தால், ஐட்லிங்கிலேயே வண்டி மணிக்கு 3 கிலோமீட்டருக்குள் ஊர்ந்து ஏறும். எஸ்டேட்காரர்கள் கேட்கும் இழுவை இதுதான்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

பெட்ரோல் எஞ்சினில் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் மூடும்போது, காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் உண்டாகும் வேக்கம்தான், மிதிக்கும் பலத்தைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்குப் போகிறது. டீசலில் த்ராட்டில் கிடையாது, ஆகவே மேனிஃபோல்டில் வேக்கமும் கிடையாது. பழைய குழாயை டீசலின் மேனிஃபோல்டில் சொருகிவிட்டு “பிரேக் கொஞ்சம் ஹார்டா இருக்கும், பழகிடும்” என்று சொல்லி அனுப்புவது கொலைக்குச் சமம். இசுசுவில் ஆல்டர்னேட்டரின் வாலில் வேக்கம் பம்ப் இருக்கிறது. எஞ்சின் வாங்கும்போது அந்த ஆல்டர்னேட்டரையே கேட்டு வாங்குங்கள். சாதாரண ஆல்டர்னேட்டரைத் தலையில் கட்டுவார்கள், வாங்காதீர்கள். பம்புக்குப் பிளாக்கிலிருந்து ஆயில் வரும் குழாய் ஒன்று, சம்ப்புக்குத் திரும்பும் குழாய் ஒன்று. திரும்பும் குழாய் எங்கும் மடங்காமல், மேலேறாமல், கீழ்நோக்கியே போக வேண்டும். அடைத்தால் பம்புக்குள் ஆயில் நிரம்பி உள்ளே உள்ள தகடுகள் உடையும். வரும் குழாய் வெடித்தால் சில நிமிடத்தில் எஞ்சின் ஆயில் முழுக்க ரோட்டில். ஆகவே இரண்டும் புதிய, ஆயில் தாங்கும் குழாயாக, கிளிப்போடு இருக்கட்டும்.

இதில் ஓட்டுநருக்குச் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று உண்டு. ஃபேன் பெல்ட் அறுந்தால் சார்ஜ் மட்டும் நிற்பதில்லை, பிரேக் உதவியும் நிற்கிறது. டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தால் அது பிரேக் எச்சரிக்கை என்று தெரிந்திருக்க வேண்டும். பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வேக்கம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். வண்டியில் ஒரு ஸ்பேர் பெல்ட் எப்போதும் இருக்கட்டும்.

வேக்கம் கேஜ் வைத்துப் பாருங்கள். சமவெளியில் ஐட்லிங்கில் 600 மில்லிமீட்டர் மெர்க்குரிக்கு மேல் வர வேண்டும். ஊட்டி உயரத்தில், சுமார் 2,240 மீட்டரில், காற்றழுத்தமே 580 அளவுதான். எவ்வளவு நல்ல பம்பும் அதற்குமேல் காட்ட முடியாது, பூஸ்டரின் உதவி அங்கே ஏறக்குறைய கால் பங்கு குறைந்துவிடும். கோவையில் “பரவாயில்லை” என்று தோன்றும் தேய்ந்த பம்ப் மேலே போனால் போதாது. கேஜ் இல்லாதவர்களுக்கு: எஞ்சினை நிறுத்தி, பெடலை நான்கைந்து முறை மிதித்து வேக்கத்தைக் காலி செய்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்தால் பெடல் தானாகக் கொஞ்சம் இறங்க வேண்டும். பிறகு நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் கழித்து மிதித்தால் முதல் மிதி இன்னும் மென்மையாக இருக்க வேண்டும். கல்லாக இருந்தால் ஒருவழி வால்வு திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது, அல்லது குழாயில் எங்கோ கசிவு.

மூடிய த்ராட்டிலை எதிர்த்து இழுப்பதால் பெட்ரோல் எஞ்சினுக்குக் கிடைக்கும் பிடிமானமும் டீசலில் இல்லை. அமுக்கிய காற்று பெரும்பாலும் அந்த வேலையைத் திருப்பித் தந்துவிடும். அதனால் இறக்கத்தில் பிரேக்குக்கு வேலை கூடும், முன்பக்க எடையும் கூடியிருக்கிறது. முன் டிஸ்க், பேட், பின் ட்ரம் லைனிங், பிரேக் ஃப்ளூயிட் எல்லாம் மாற்றாமல் இந்த மாற்றத்தை முடிந்ததாகக் கணக்கு வைக்காதீர்கள். ஊட்டிக்கு அருகே உள்ள கல்லட்டி போன்ற 36 கொண்டை ஊசி இறக்கத்தை மனதில் வைத்து வேலை செய்யுங்கள். எஸ்டேட்டுக்குள் உள்ள இறக்கங்கள் அதைவிட மோசமானவை.

எரிபொருள் பக்கம் வருவோம். எம்பிஎஃப்ஐ வண்டியின் டேங்குக்குள் இருக்கும் மின் பம்ப்பைக் கனெக்ஷன் கழற்றி உள்ளேயே விட்டுவிடும் பழக்கம் இருக்கிறது. ஓடாத பம்ப் ஒரு அடைப்பு. எஃப்ஐ பம்ப் அதன் வழியாக இழுக்கத் திணறும், மேட்டில் ஏறும்போது காற்று இழுத்து எஞ்சின் இருமும். பம்பையும் அதன் மெல்லிய வலையையும் எடுத்துவிட்டு 8 மில்லிமீட்டர் நேர் குழாய் போடுங்கள். தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், கைப் பம்ப் உள்ள ஃபில்டர் இரண்டும் அவசியம். எஃப்ஐ பம்பிலிருந்தும் நாசில்களிலிருந்தும் வரும் ரிட்டர்ன் டேங்குக்கே போக வேண்டும். அதை சப்ளை குழாயிலேயே T வடிவ இணைப்பு போட்டுச் சேர்த்தால் சூடான டீசலும் காற்றுக் குமிழியும் சுற்றிச் சுற்றி வரும், பம்பிலிருந்து காற்று ஒருபோதும் போகாது. டேங்கில் பெட்ரோல் சொட்டுகூட இருக்கக் கூடாது. எஃப்ஐ பம்பின் உள் உறுப்புகளுக்கு டீசல்தான் ஆயில், பெட்ரோல் கலந்தால் அவை உராய்ந்து தேயும். ஃபில்லர் கழுத்தில் பெட்ரோல் நாசிலுக்கான குறுகிய வளையம் இருந்தால் டீசல் நாசில் நுழையாது. எடுத்துவிட்டு மூடியில் பெரிதாக “டீசல்” என்று எழுதுங்கள். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம்: பெட்ரோல் இருந்த டேங்கில் வெல்டிங் செய்யாதீர்கள். காலி டேங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும், வெடிப்பதும் அதுதான். பைப் சேர்க்க வேண்டுமென்றால் வேறு டேங்க் போடுங்கள்.

மின் இணைப்பில் பெரிய தவறு எர்த். டீசலின் செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்ட் பெட்ரோலினுடையதைவிடப் பல மடங்கு இல்லாவிட்டாலும் நன்றாகவே கூடுதல். புதிய எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் தடித்த எர்த் பட்டை போட மறந்தால் அந்தக் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகும். கேபிளின் உள் உறை உருகி, ஆக்சிலரேட்டர் மிதித்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். செல்ஃப் அடிக்கும்போது அந்தக் கேபிள் சூடாகிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். 35 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிள், பேட்டரி 65 ஆம்பியர் அவருக்குக் குறையாமல். ஹீட்டர் பிளக் நான்கும் சேர்ந்து முதல் நொடிகளில் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், தனி ரிலேயும் ஃப்யூஸும் கொடுங்கள். சாவி ஸ்விட்ச் வழியாகக் கொடுத்தால் ஸ்விட்ச் கருகும். டெம்பரேச்சர் சென்சார் ஜிப்சியுடையதையே டீசல் பிளாக்கில் த்ரெட் மாற்றிப் பொருத்துங்கள். வேறு வண்டிச் சென்சார் ஜிப்சி மீட்டரில் பொய் சொல்லும், பெரும்பாலும் எஞ்சின் கொதித்த பிறகுதான் அந்தப் பொய் தெரியவரும்.

கூலிங்கில் சிக்கனம் வேண்டாம். ஜிப்சியின் ரேடியேட்டர் லோ கியரில் அரை மணி நேரம் மேடேறும் டீசலுக்குப் பற்றாது. ஒரு வரிசை கூடுதலாக உள்ள கோர், ஃபேனைச் சுற்றி முழு உறை, ஃபேனுக்கும் கோருக்கும் 25 மில்லிமீட்டர் இடைவெளி, பாதிக்குப் பாதி கூலன்ட். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். குளிர்ந்த டீசல் புகையும், ஆயில் கெடும், சிலிண்டர் தேயும். ரேடியேட்டர் மூடிதான் மலையில் முக்கியம். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். 0.9 பார் மூடி சரியாகப் பிடித்தால் அதுவே 114, 115 வரை தாங்கும். ரப்பர் காய்ந்த பழைய மூடியை மாட்டினால் ஹெட் விரிசல் விடும். புது மூடியின் விலையை ஹெட் வேலையின் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எஞ்சினை நிறுத்தும் வழி ஒன்று மட்டும் இருக்கக் கூடாது. சாவியைத் திருப்பினால் எஃப்ஐ பம்பின் சோலினாய்டு (மின் வால்வு) டீசலை நிறுத்துகிறது. அது மாட்டிக்கொண்டால்? பம்பில் உள்ள ஸ்டாப் லீவருக்கு ஒரு கேபிள் போட்டு டேஷ்போர்டுக்குக் கொண்டுவாருங்கள். அதையும் மீறி எஞ்சின் ஓடும் நிலை ஒன்று இருக்கிறது: தன் ஆயிலையே உறிஞ்சி ஓடுவது. எஞ்சினுக்குள் சேரும் ஆவி வெளியேறும் ப்ரீதர் குழாய் நேராகக் காற்றுக் குழாயில் சேர்ந்திருந்து வண்டி செங்குத்தாகச் சாய்ந்தாலோ, ஆயில் அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலோ இது நடக்கும். பழைய ஜீப்பிலிருந்து எடுத்த ஆயில் பாத் ஏர் கிளீனரை ஜிப்சியில் மாட்டினால் சரிவில் அதிலுள்ள ஆயிலே உள்ளே போகும். அப்படி ஓடும் எஞ்சின் வெடிக்கும்வரை வேகம் கூடிக்கொண்டே போகும், சாவியோ லீவரோ பயன்படாது. காற்றை அடைப்பதுதான் வழி. பேப்பர் ஃபில்டர் போடுங்கள், ப்ரீதருக்கு ஆயில் பிடிக்கும் டப்பா வையுங்கள், காற்றுக் குழாயில் கேபிளால் மூடும் ஒரு தகடு வையுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஓட்டுநர் செய்ய வேண்டியது: ஐந்தாவது கியர் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சை விடுவது. துணியால் வாயை அடைக்கப் போகாதீர்கள், துணியையும் இழுத்துக்கொள்ளும்.

காற்று எடுக்கும் வாய் உயரத்தில் இருக்கட்டும். ஒரு சிலிண்டர் 500 சிசி, கம்ப்ரஷன் விகிதம் 21-ஐ ஒட்டியது என்றால் பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் 25 மில்லி. அதற்கு மேல் தண்ணீர் போனால் கனெக்டிங் ராட் வளையும். ஓடை கடக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி செல்ஃப் அடிக்கக் கூடாது; ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்த பின் வண்டி “இழுக்கவில்லை” என்று சொன்னதும் எஃப்ஐ பம்பில் டீசல் அளவைக் கூட்டும் ஃபுல் லோடு ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். 2,000 மீட்டருக்கு மேல் காற்று ஐந்தில் ஒரு பங்கு மெலிந்துவிடும். அங்கே டீசலைக் கூட்டினால் கரும்புகைதான் கூடும், ஹெட்டின் சூடும் கூடும். மலையில் ஓடும் வண்டிக்குக் கொஞ்சம் குறைத்து வைப்பதே சரி. பம்பை டெஸ்ட் பெஞ்சில் வைத்து அமைத்து சீல் போட்டு வாங்குங்கள். எஸ்டேட்டுக்குள் புகைச் சான்று யாரும் கேட்கமாட்டார்கள் என்றாலும் ஸ்மோக் மீட்டரில் ஒருமுறை பாருங்கள். பிஎஸ்-4க்கு முந்தைய டீசலுக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் (புகையின் கருமையை அளக்கும் அலகு). நல்ல நாசில்களோடு உள்ள இசுசு அதற்கு நன்றாகக் கீழே காட்டும். மீறினால் அந்தப் புகையைச் சுவாசிக்கப்போவது பின்னால் கூடையோடு நடக்கும் தோட்டத் தொழிலாளர்கள்.

கடைசியாக, நீங்கள் செய்ய வேண்டும் என்று கேட்பது இது. வண்டியைக் கொடுக்கும்போது ஒரு தாளும் கொடுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் முன் ஆக்சில் எடை, பின் ஆக்சில் எடை. நான்கு சிலிண்டர் கம்ப்ரஷன். ஐட்லிங்கில் வேக்கம், அளந்த ஊரின் பெயரோடு. ஸ்மோக் மீட்டர் காட்டிய எண். ஆயில், கூலன்ட் அளவு. ஃபேன் பெல்ட், டைமிங் பெல்ட், ஃபில்டர் ஆகியவற்றின் பார்ட் நம்பர். எஞ்சின் நம்பரும் வாங்கிய பில்லின் நகலும். பொதுச் சாலையில் ஓட்ட அனுமதி இல்லை என்ற வரி, அதன் கீழே உரிமையாளர் கையெழுத்து. 500 கிலோமீட்டரில் வண்டி திரும்பி வர வேண்டும் என்று தேதியும் குறியுங்கள். அப்போது மவுண்ட் போல்ட், குட்டை ஷாஃப்ட் போல்ட், பிராக்கெட் வெல்டிங், வேக்கம் பம்பின் இரண்டு ஆயில் குழாய்கள் ஆகியவற்றைப் பள்ளத்தில் இறங்கி லைட் அடித்துப் பார்த்துவிட்டு, அதே தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். உரிமையாளர்கள் அந்தத் தாள் கைக்கு வரும்வரை பாக்கிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
இதே வேலையைச் செய்யும் மெக்கானிக்குகள், லேத் தொழிலாளர்கள்